ஒன்பதாம் மாடிச் சாப்பாடு

மனித குலத்துக்குப் பெருந்தொண்டு செய்தவர்கள் மூன்று வகை. கடல் தாண்டிப் புது நிலம் கண்டவர்கள், தீராத நோய்க்கு மருந்து கண்டவர்கள், பெருநகரத்தில் நியாயமான விலைக்கு வயிறாரச் சாப்பாடு போடும் இடம் கண்டவர்கள். முதல் இரண்டு வகையினருக்கும் ஊர் ஊராகச் சிலை வைத்தாயிற்று. மூன்றாவது வகையினரை உலகம் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தக் கருத்தை உடையவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். மூன்றாவது வகையில் அவருக்குத் தெரிந்து இருந்தவரும் அவர் ஒருவர்தான். ஆனால் சிலை வரைக்கும் அவர் ஆசைப்படவில்லை. தன் சம்பந்தி ஒரே ஒரு தடவை, தன் கண் முன்னால், இரண்டாவது கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் போதும் என்று இருந்தார்.

இருபத்தாறு வருஷமாக ஊரிலுள்ள உயரமான கட்டடங்களுக்குள் அவர் பின்வாசல் வழியாக நுழைந்துவருகிறார். பின்வாசலுக்குப் பக்கத்தில்தான் சமையலறை இருக்கும். எந்த ஹோட்டல் நேற்றைய சோற்றைப் பொரித்து இன்றைக்குப் புதுப்பெயர் வைக்கிறது, எது வாசலில் கண்ணாடித் தொட்டியில் மீனை நீந்தவிட்டு உள்ளே ஐஸ் பெட்டியிலிருந்து மீன் எடுக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. சாப்பாட்டின் படம் போட்ட பட்டியலைக் கையில் கொடுத்தால் எழுந்துவிடுவார். "தண்ணி எந்த மாதிரி வேணும்?" என்று கேட்டால் செருப்பைத் தேடுவார். லாரிக்காரர்கள் கூட்டமாகச் சாப்பிட்டால் அது நல்ல கடை என்று ஊரே நம்புகிறது. அவர் நம்பவில்லை. "லாரி நிறுத்த இடம் இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான்" என்பார். யாராவது அவரிடம் வழி கேட்டால் வழியையும் சொல்லி, போகிற வழியில் எங்கே சாப்பிடலாம் என்பதையும் சொல்லி அனுப்புவார். வழி கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

அவருடைய கண்டுபிடிப்புகளிலேயே தலையாயது, பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில் இருந்த கேன்டீன். தகரக் கூரை, ஆறு மேசை, பெயர்ப்பலகை கிடையாது. ஒரு நாளைக்கு ஒரே சாப்பாடு: சோறு, பருப்பு, கீரை, ஒரு துண்டு வறுத்த மீன். தட்டின் விலை, சம்பந்தி பெரிய ஹோட்டலில் கார் நிறுத்துகிறவருக்குக் கொடுக்கும் டிப்ஸைவிடக் குறைவு. நடத்துகிற பெண்மணியை எல்லாரும் கேன்டீன் அக்கா என்றார்கள். மெக்கானிக்கும் அவரை அக்கா என்றார், அவர் மெக்கானிக்கை அண்ணே என்றார். இருவரில் யார் மூத்தவர் என்பதை இருவருமே கிளறவில்லை.

சம்பந்தி பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் மேனேஜராகவே இருந்தார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பத்தையும் ஏதாவது ஒரு பெரிய ரெஸ்டாரண்டுக்கு அழைத்துப் போவது அவர் ஏற்படுத்திய ஏற்பாடு. அங்கே வண்டிச் சக்கரம் அளவுக்குத் தட்டு வரும். நடுவில், சட்டையிலிருந்து தெறித்து விழுந்த பொத்தான் மாதிரி ஏதோ ஒன்று இருக்கும். பரிமாறுகிறவர் அதன் பெருமையைச் சொல்லி முடிப்பதற்குள் அது ஆறிவிடும். மேனேஜர் கண்ணை மூடி ஒரு வாய் மென்று, "ம்ம்... கடைசியில ஒரு புளிப்பு வருது பாருங்க" என்பார். எல்லாரும் புளிப்புக்காகக் காத்திருப்பார்கள்.

பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "போதும். நான் வீட்லயே லேசா முடிச்சுட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லி வாயைத் துடைத்துக்கொள்வார். பசியோடு ஹோட்டலுக்குப் போவது மரியாதைப்பட்டவர்கள் செய்கிற காரியமல்ல என்பது அவர் கொள்கை. மெக்கானிக் வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றபடியே பானையில் மிச்சமிருப்பதை வழித்துச் சாப்பிடுவார். "என்ன, இன்னிக்கும் விருந்து முடிஞ்சு பட்டினியா?" என்பாள் மனைவி.

போன மாதம் அவர் வாய் தவறி இன்னொரு தட்டு ரொட்டி கேட்டுவிட்டார். மேனேஜர் மேசையே குலுங்கச் சிரித்தார்.

"சம்பந்தி வயித்துல ஓவர்லோடு பெல் இல்ல போலிருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் வீட்டுக்கு மருமகளாகப் போயிருந்த மகளும் சிரித்தாள், தட்டைப் பார்த்தபடி.

அதோடு போயிருந்தால் மெக்கானிக் மறந்திருப்பார். இரண்டு நாள் கழித்து மகள் போன் செய்தாள்.

"ப்பா, இப்போ வீட்ல நான் ரெண்டாவது தடவை சோத்துக்குக் கை நீட்டினா, மாமா ‘டிங்’குங்கறார்."

"என்னது?"

"பெல் அடிக்கறாராம். வாயாலயே. சிரிச்சுட்டுத்தான் செய்றார், கோவமெல்லாம் இல்ல. நானும் சிரிச்சுக்கறேன். ஆனா ரெண்டாவது கரண்டி எடுக்கறதில்ல."

மெக்கானிக் அன்று போனை வைத்துவிட்டு, பழுதில்லாத ஒரு மோட்டாரைக் கழற்றித் திரும்ப மாட்டினார். பிறகு சம்பந்தியைக் கூப்பிட்டார்.

"புதன்கிழமை மத்தியானம் நீங்க என் விருந்தாளி. மகளையும் கூட்டிட்டு வாங்க."

"எந்த ரெஸ்டாரண்ட்?"

"பேர் கிடையாது."

"ஓ! இப்போ அப்படித்தான் நடத்தறாங்க. பேர் வச்சா மட்டம். எங்க இருக்கு?"

"ஒன்பதாம் மாடியில."

"ரூஃப்டாப்!" மேனேஜரின் குரலில் மரியாதை ஏறியது. "சமையல் யாரு?"

"அக்கான்னு சொல்வாங்க."

"ம்... கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் மேனேஜர்.

மனைவிதான் ஓட்டையைக் காட்டினாள். "அந்த மனுஷன் பதினோரு மணிக்கு முந்திரி, பன்னெண்டு மணிக்கு பிஸ்கட்டுன்னு மென்னுக்கிட்டே இருப்பார். பசியே இல்லாம வர்றவருக்கு அமுதத்தையே போட்டாலும் கடைசியில புளிப்பு வருதுன்னுதான் சொல்வார்."

மறுநாள் காலை லிஃப்ட் ஓடும் குழிக்குள் நின்று தண்டவாளத்துக்கு எண்ணெய் போடும்போது மெக்கானிக்குக்கு யோசனை உதித்தது. பசி இல்லாதவனுக்குப் பசி வரவழைக்கிற கருவி தன் கையிலேயே இருக்கிறது. இதில் தர்மசங்கடம் ஒன்றும் இல்லை. மேனேஜரின் இதயம், நுரையீரல், முழங்கால் எல்லாம் முப்பது வயதுக்காரனுக்குச் சமம் என்று மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த அறிக்கையை மேனேஜரே குடும்பத்துக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டியிருந்தார்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு மெக்கானிக் லிஃப்டை ஒன்பதாம் மாடியில் நிறுத்தி, பூட்டி, சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டார். அப்புறம்தான், அறிவிப்புப் பலகையைத் தரைத்தளத்தில் மாட்ட வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. ஒன்பது மாடியும் நடந்தே இறங்கினார். காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அக்கா சமையலுக்கு வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்வது அவர் செலுத்தும் மரியாதை. "பராமரிப்புப் பணி. சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றது பலகை. அவர் வருந்தவில்லை.

பன்னிரண்டரைக்கு மேனேஜர் கோட்டும் பளபளக்கும் ஷூவுமாக, மருமகளோடு வந்து இறங்கினார். பலகையைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார்.

"நீங்கதானே இதுக்கு மெக்கானிக்?"

"ஒரு சின்ன பார்ட் வரணும் சம்பந்தி."

"அப்போ இன்னொரு நாள் வச்சுக்கலாமே."

"உங்க உடம்புக்கு ஒன்பது மாடியெல்லாம் ஒரு விஷயமா? டாக்டரே எழுதியிருக்காரே."

அறிக்கையைத் தானே வாசித்த மனிதர் என்ன செய்வார்? ஏறினார். இரண்டாம் மாடி வரைக்கும் தான் சாப்பிட்ட உலகத்தரம் வாய்ந்த சூப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். மூன்றில் சூப் முடிந்தது. நான்கில் பேச்சு முடிந்தது. ஐந்தில் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, அதன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார். மெக்கானிக் இரண்டு படி தாவி அவர் பக்கத்தில் வந்தார்.

"ஐயய்யோ, மூச்சு வாங்கும்போது பிஸ்கட் வேண்டாம் சம்பந்தி, புரையேறிடும். கொடுங்க, நான் வச்சிருக்கேன்."

பாக்கெட் கைமாறியது. ஏழாம் மாடியில் மீன் பொரியும் வாசனை படிக்கட்டு வழியாக இறங்கி வந்து அவர்களை எதிர்கொண்டது. மேனேஜர் நின்றார். மூக்கு ஒரு தடவை விரிந்தது.

"இன்னும் எத்தனை மாடி?" என்று கேட்டார். அவரிடம் கடன் கேட்டு வந்தவர்கள் ஒரு காலத்தில் பேசிய குரல் அது.

எட்டாம் மாடித் திருப்பத்தில் மகள் அப்பாவின் காதருகே வந்தாள். "ப்பா, பார்ட் வரணும்னீங்க. சாவி உங்க இடுப்புல தொங்குது."

"பேசாம ஏறும்மா."

மேலே போனால் கேன்டீனில் கால் வைக்க இடமில்லை. லிஃப்ட் ஓடாததால், மத்தியானத்தில் கீழே இறங்கி வெளியே போய்ச் சாப்பிடுகிற ஆறாம், ஏழாம், எட்டாம் மாடிக்காரர்கள் எல்லாரும் இறங்கச் சோம்பல்பட்டு ஏறி வந்திருந்தார்கள். மெக்கானிக் இதைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

"அண்ணே!" என்று கரண்டியோடு வந்தார் கேன்டீன் அக்கா. "எவனோ வேணும்னே லிஃப்டை நிறுத்தி வச்சிருக்கான். மொத்தக் கட்டடமும் என் தலையில ஏறிடுச்சு. அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

"யாருன்னு விசாரிக்கிறேன் அக்கா" என்றார் மெக்கானிக். இடுப்புச் சாவியின் மேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உங்களுக்குன்னு மூணு சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன். அதுக்கு மேல ஒரு பருக்கை கிடையாது. ரெண்டாவது கரண்டி, கிரண்டின்னு யாரும் வாயத் திறக்கக் கூடாது."

மெக்கானிக் நின்றார். முந்திரியை வென்றாயிற்று, பிஸ்கட்டை வென்றாயிற்று, ஒன்பது மாடியும் ஏறியாயிற்று. இப்போது சம்பந்தி கேட்கப்போகிறார், கேட்டால் இல்லையென்று பதில் வரப்போகிறது. அவர் பாத்திரத்திலிருந்த தன் பங்கை ஒரு பார்வை பார்த்தார். மீன் நல்ல பெரிய துண்டு.

"அக்கா, என்னோடதைத் தட்டுல போடாதீங்க. பாத்திரத்திலயே இருக்கட்டும்."

இரண்டு தட்டு வந்தது. யாரும் வந்து அதன் பெருமையைச் சொல்லவில்லை. "ஆறிப்போகுது, சாப்பிடுங்க" என்றார் அக்கா, அவ்வளவுதான். மேனேஜர் கண்ணை மூடவில்லை. குனிந்தார். நிமிர்ந்தபோது தட்டில் மீன் முள் மட்டும் இருந்தது. காதோரம் வியர்வை, மீசையில் ஒரு கீரை இலை. அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அம்மா... இன்னும் கொஞ்சம் சோறு கிடைக்குமா?"

"டிங்" என்றாள் மருமகள்.

பக்கத்து மேசைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் மருமகளைப் பார்த்தார். அவருடைய முகம் சிவந்து, பிறகு கன்னம் உப்பி, பிறகு சிரிப்பு வெடித்தது. "சரிதாம்மா... சரிதான். எனக்கு நல்லா வேணும்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீயும் வாங்கிக்கோ. வெக்கப்படாம வாங்கிக்கோ."

மகள் தட்டை நீட்டினாள். அக்கா மேனேஜருக்குப் போட்டுவிட்டு அவளுக்கும் ஒரு கரண்டி வைத்தார். அவள் தட்டை எடுக்கவில்லை. இன்னொரு கரண்டி வைத்தார். மெக்கானிக் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். ஊரின் உயரமான கட்டடங்கள் எல்லாம் அங்கிருந்து தெரிந்தன. முக்கால்வாசியில் அவர் கை பட்ட லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பேரை உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அதில் ஒன்றும் இந்த இரண்டு கரண்டிக்கு ஈடாகத் தோன்றவில்லை.

"சம்பந்தி, கடைசியில புளிப்பு வருதா?" என்று கேட்டார் திரும்பி வந்து.

"கடைசி எங்க வந்துச்சு? அந்த மீன் இன்னொண்ணு இருந்தா போடச் சொல்லுங்க."

இன்னொன்று இருந்தது. போடப்பட்டது. அதைப் பாதி தின்ற பிறகுதான் மேனேஜருக்கு உறைத்தது.

"ஆமா, நீங்க சாப்பிடலியா?"

"நான் வீட்லயே லேசா முடிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றார் மெக்கானிக்.

மேனேஜர் தலையசைத்தார். அவருக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. கை கழுவிவிட்டு வந்து சம்பந்தியின் தோளில் கை போட்டார். "எத்தனையோ இடத்துல சாப்பிட்டிருக்கேன். இந்த மாதிரி ஒரு ருசி... எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எங்க ஓய்வூதியர் சங்கத்தையே ஒரு நாள் இங்க கூட்டிட்டு வரப்போறேன். அன்னிக்காவது லிஃப்ட் ஓடுமா?"

"சொல்ல முடியாது சம்பந்தி. பழைய லிஃப்ட்."

இறங்கும்போது மேனேஜரின் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. "உங்கப்பா பெரிய ஆளும்மா. எனக்கு இது முன்னாடியே தெரியும், சொல்லிக்கல, அவ்வளவுதான்." மகள் எட்டாம் மாடித் திருப்பத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். இடுப்பைத் தொட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு இறங்கிப் போனாள். மெக்கானிக், பார்ட் வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று மேலேயே நின்றுவிட்டார். நெஞ்சு ஒரு விரற்கடை நிமிர்ந்திருந்தது. சிலைக்கு நிற்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

கேன்டீனில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். மெக்கானிக் லிஃப்டைத் திறந்து உள்ளே போய், கதவை மூடிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தார். சம்பந்தியின் பாக்கெட்டில் ஏழு பிஸ்கட் இருந்தது. ஏழையும் சாப்பிட்டார்.