விமர்சகி மாட்டிய பதினேழு படங்கள்

வேல்ஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் லூனெட் பாரி இருபது வருடமாக ஓவிய விமர்சனம் எழுதிவந்தாள். அவள் பேனாவுக்குத் தப்பிய ஓவியர் வடக்கே யாரும் இல்லை. அவளும் வரைபவள்தான். ஆனால் ஒரு படத்தைக்கூட வெளியே காட்டியதில்லை. அவள் ஊரான பெத்தெஸ்டாவில் நாலு பேர் தேநீர் குடித்தால் இதுதான் பேச்சு.

அந்த மே மாதம் தன் பத்தியில் சுருக்கமாக எழுதினாள்: "சனிக்கிழமை மதியம் என் படங்கள் பதினேழையும் தேவாலயக் கூடத்தில் மாட்டுகிறேன். என்னிடம் திட்டு வாங்கியவர்கள் அவசியம் வரவும். காகிதமும் பென்சிலும் மேசைமேல் இருக்கும்."

ஊரே திரண்டது. முதல் ஆளாக வந்தவர் இத்தல் ப்ரோபர்ட். சிலேட்டுக்கல் குவாரியில் கல் பிளப்பவர். ஓய்வு கிடைத்தால் ஆடு வரைவார். அவருடைய ஆடுகளைக் 'கால் முளைத்த தலையணைகள்' என்று எழுதியிருந்தாள் லூனெட்.

"பன்னெண்டு வருஷமா இதுக்குத்தாம்மா காத்துட்டிருக்கேன்," என்று பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

"தாராளமா எழுதுங்க. நல்லா சீவித்தான் வெச்சிருக்கேன்," என்றாள். காகிதக் கட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

குவாரி ஆட்கள் மழையில் வீடு திரும்பும் பெரிய படத்தின் முன் இத்தல் நின்றுவிட்டார். மற்றவர்கள் தேநீரோடு வைத்திருந்த திராட்சை ரொட்டியை மெல்லக்கூட மறந்து அவர் வாயையே பார்த்தார்கள்.

"கையா இது? கேரட் கட்டு மாதிரில்ல இருக்கு!"

கூடம் அதிரச் சிரித்தது. லூனெட்டுக்குக் காது மடல் சுட்டது. ஆனால் அவர் சொன்னது உண்மை. அதை மறைக்கத்தான் பாதிப் பேரைப் பைக்குள் கை விட்டபடி வரைந்திருந்தாள்.

"ஆமா. கை எனக்கு வராது," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

சிரிப்பு அடங்கியது. இத்தல் மறுபடி படத்தின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"ஆனா இந்த மழை... முப்பது வருஷமா இதுல நனைஞ்சிருக்கேன். நனைஞ்ச கல்லுல இப்படியொரு ஊதா இருக்குன்னு இன்னிக்குத்தான் பாக்குறேன். எப்படிம்மா பிடிச்சே?"

பின்னாலிருந்த குவாரிக்காரர் ஒருவர், "இது எங்க சங்கத்துக்கு வேணும்," என்றார். "இப்பவே வேணும்," என்றார் இன்னொருவர்.

அரை மணி நேரத்தில் படத்தைத் தார்ப்பாயில் சுற்றி, ஆறு பேர் தோளில் ஏற்றிக் கடைத்தெரு வழியாகச் சங்கக் கட்டடத்துக்கு நடந்தார்கள். லூனெட்டை முன்னால் நடக்கச் சொன்னார்கள். கசாப்புக் கடைக்காரர் பதறித் தொப்பியைக் கழற்றினார்.

"யாருப்பா போயிட்டாங்க?"

"சாவு இல்லய்யா, படம்!" என்று கத்தினார் இத்தல். "நம்ம லூனெட் போட்ட படம்!"

இருபது வருடத்தில் அவளை யாரும் 'நம்ம' என்று சொல்லி அவள் கேட்டதில்லை. கண்ணைத் துடைக்காமலே தலையை நிமிர்த்தி நடந்தாள்.