யார் பின்னால் போவது?

கணேஷ்ராம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவன். ஒரு முறைப்பில் வகுப்பையே கப்சிப் ஆக்கிவிடுவான். தன் சொந்த மகன், ஒன்பது மாதக் குமரவேலைத் தூங்கவைக்கும் வித்தை மட்டும் அவனுக்குப் பிடிபடவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவன் மனைவி ப்ரியா, "அத்தான், இவனைக் கூட்டிட்டு எங்கயாவது போங்க. நான் கொஞ்சம் கண்ணை மூடுதேன். இருட்டுன பொறவு வந்தாப் போதும்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குமரவேலின் வண்டி சாதாரண வண்டி இல்லை. ப்ரியாவின் அண்ணன் குற்றாலலிங்கம் ஷார்ஜாவிலிருந்து அனுப்பியது. கொசுவலை உண்டு, வெயிலுக்கு மூடி உண்டு, தள்ளுகிறவர் காப்பி வைத்துக்கொள்ளத் தனிக் குழி உண்டு. சக்கரம் உருளும் சத்தமே கேட்காது. அதைத் திருநெல்வேலி வண்ணார்பேட்டை பிளாட்பாரத்தில் தள்ளிக்கொண்டு போவது, பந்தி நடுவே குதிரையை நடத்திப் போவது மாதிரி. பழக்கூடைக்கு ஒரு வளைவு, நிறுத்திய பைக்குக்கு ஒரு வளைவு. ஜவுளிக்கடைப் பொம்மைகள் வேறு சேலை கட்டிக்கொண்டு பாதையில் நிற்கும். அவற்றிடம் "கொஞ்சம் தள்ளிக்கிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, கணேஷ்ராம் அன்றைக்கும் ஒருமுறை வெட்கப்பட்டான்.

வெயில் தாழும்வரை சுற்றிய பிறகுதான் குமரவேல் கண்ணை மூடினான். கணேஷ்ராம் மூச்சைக்கூடப் பைய விட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினான்.

வழியில் ஒரு குறுக்கம் உண்டு. ஒரு பக்கம் நீளமான காம்பவுண்டுச் சுவர், ரோட்டுப் பக்கம் இடுப்புயரத்துக்கு இரும்புக் கம்பித் தடுப்பு. பாதித் தூரத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர். அதற்குள் நுழைந்தால் ஒரு வண்டி போகலாம், அதுவும் நேராக. கணேஷ்ராம் டிரான்ஸ்பார்மரைத் தாண்டியபோது எதிரே கிரீச், கிரீச் என்று இன்னொரு பிள்ளைவண்டி வந்தது.

தள்ளி வந்தவன் ஜெர்வின். தூத்துக்குடிக்காரன், துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஆபீஸில் வேலை. மனைவி வினோலியா வண்ணார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்ததால் குடித்தனம் இங்கே. அவளுக்கு டியூட்டி முடிகிற நேரம் அது. வாசலுக்குப் போய் மகள் கிரேஸியைக் காட்டவேண்டும், இல்லையென்றால் இரண்டு பேருமே அழுவார்கள். கிரேஸி ஏற்கெனவே பசியில் தன் காலுறையைக் கழற்றிச் சப்பிக்கொண்டிருந்தாள்.

வண்டிகள் மூக்கோடு மூக்கு நின்றன.

"கொஞ்சம் பின்னால எடுங்க சார்" என்றான் கணேஷ்ராம், ரகசியக் குரலில்.

"என்னது? எதுக்கு சார் குசுகுசுன்னு பேசுதீங்க?"

"பிள்ளை தூங்குதான்."

"தூங்குத பிள்ளைக்கு முன்னால போனா என்ன, பின்னால போனா என்ன? என் மக பசியில இருக்கா, அவ அம்மா ஆஸ்பத்திரி வாசல்ல காத்துக்கிட்டு நிக்கா. நீங்க பின்னால போங்க."

"பின்னால இழுத்தாக் குலுங்கும். முழிச்சிருவான். இவனைத் தூங்கவைக்க நான் பட்ட பாடு உமக்குத் தெரியாது வே."

சார் போய் வே வந்துவிட்டது. ஜெர்வினும் வண்டியின் பிடியை இறுக்கிக்கொண்டான். "நான் பாதிக்கு மேல வந்தாச்சு வே."

"அதெப்படி? டிரான்ஸ்பார்மர்தான் நடு. அது எனக்குப் பின்னால இருக்கு. திரும்பிப் போகவேண்டியது நீருதான்."

"அது நடுன்னு யாரு சொன்னா? ஈ.பி.காரன் என்ன டேப்பு வச்சு அளந்தா நட்டான்?"

இதற்குள் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது. ஒல்லியானவர்கள் பக்கவாட்டில் நுழைந்து போனார்கள். பையும் வயிறும் உள்ளவர்கள் நின்றுபோனார்கள். நின்றவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் யோசனை சொன்னார்கள். ஒருவர் கம்பிக்கு மேலே தூக்கிப் போகச் சொன்னார். அந்தப் பக்கம் பஸ்கள் உரசிக்கொண்டு போயின. இன்னொருவர் வண்டியை மடக்கச் சொன்னார்.

"அவரு மடக்கட்டும்" என்றான் கணேஷ்ராம்.

"அவரு மடக்கட்டும்" என்றான் ஜெர்வின்.

போக்குவரத்தில் சிக்கி நின்ற மினிபஸ் ஒன்றிலிருந்து டிரைவர் வேதமுத்து தலையை நீட்டினார். அவருக்கு மலைப்பாதையில் பஸ் ஓட்டிய அனுபவம் உண்டு. "இதுல என்னவே சண்டை? ஏத்தத்துல ஏறி வாற வண்டிக்கு இறங்குத வண்டி வழிவிடணும். அவ்வளவுதான் சட்டம்."

எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். ஏற்றம் எந்தப் பக்கம்? சந்தேகம் தீர, கூட்டத்தில் ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரையில் ஊற்றினார். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடவில்லை. கணேஷ்ராமின் செருப்பைச் சுற்றி அப்படியே தேங்கி நின்றது.

"பரவால்லயே, மட்டம் பார்த்துல்லா போட்டுருக்கான் காண்ட்ராக்டரு!" என்று ஒருவர் வியந்தார். அந்தப் பிளாட்பாரத்தை யாரும் பாராட்டியது அதுவே முதல் தடவை.

மினிபஸ்ஸுக்குப் பின்னால் ஹாரன்கள் அலறின. கணேஷ்ராம் பாய்ந்து இரண்டு கையாலும் மகனின் காதைப் பொத்தினான். வேதமுத்து தீர்ப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். கிரேஸி காலுறையைத் துப்பிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

கணேஷ்ராமுக்குப் பின்னால் இரண்டு பைகளோடு நின்ற உலகம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. விக்கிரமசிங்கபுரத்துக்காரி. மகளுக்குப் பிரசவமாகி, பேத்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறாள்.

"ஏய்யா, ரெண்டு ராசாவும் இங்கனயே பட்டாபிசேகம் பண்ணிக்கிடப் போறீகளா? எனக்குப் பாபநாசம் பஸ்ஸு போயிரும்."

"நான் பின்னால போகமாட்டேன்மா" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

"உங்களை யாரு பின்னால போகச் சொன்னா? வண்டி ரெண்டும் நின்ன இடத்துலயே நிக்கட்டும். பிள்ளையை மாத்துங்க."

யாருக்கும் புரியவில்லை. புரியவைக்கும் எண்ணமும் அவளுக்கு இல்லை. பைகளைக் கீழே வைத்தாள். சுவரோரமாகப் புகுந்து, கொசுவலையை விலக்கி, குமரவேலை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். கணேஷ்ராம் பதறிப்போய்க் கையை நீட்டினான். குமரவேல் ஒரு தடவை உதட்டைச் சுழித்துவிட்டு மறுபடி தூங்கினான்.

"என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கீரு? உம்ம மகளைத் தூக்கும்" என்று ஜெர்வினை அதட்டினாள். "இவரு வண்டியில அவளை வச்சு நீரு அந்தப் பக்கம் போரும். உம்ம வண்டியில இவனை வச்சு அவரு இந்தப் பக்கம் போவாரு. யாராவது பின்னால போகணுமா?"

கூட்டம் "ஆகா" என்றது. இரண்டு அப்பாக்களும் வயிற்றை எக்கிக்கொண்டு, சுவருக்கும் கம்பிக்கும் நடுவே, ஒருவரையொருவர் உரசியபடி கடந்தார்கள். அந்த நேரத்திலும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளவில்லை. காலி வண்டிகளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தித் திருப்பிவிட்டார்கள். உலகம்மாள் பிள்ளைகளை வைத்தாள், வண்டிகளில் தொங்கிய பைகளை அவரவர் தோளில் மாட்டினாள், தன் பைகளை எடுத்துக்கொண்டாள், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். கூட்டமும் தங்கள் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டு கலைந்தது. அத்தனை பேர் யோசித்தும், அதற்குப் பிறகு என்ன என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

கணேஷ்ராம் கிரீச் கிரீச் என்று பாதித் தூரம் போன பிறகுதான் திரும்பிப் பார்த்தான். ஜெர்வினைக் காணோம். பெயரும் தெரியாது, நம்பரும் தெரியாது. இந்தச் சத்தத்துக்குப் பிள்ளை எழுந்துவிடுவானே என்று குனிந்து பார்த்தான். குமரவேல் தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

வாசலில் ப்ரியா இடுப்பில் கை வைத்து நின்றாள். "இது யாரு வண்டி?"

அவன் நடந்ததைச் சொன்னான். தண்ணீர் ஊற்றிப் பார்த்ததைக்கூட விடவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "ரெண்டு பேரும் பிள்ளையைத் தூக்கத்தானே செஞ்சிய? அப்பவே வண்டியை மடக்கித் தாண்டி வந்துருக்கலாம்லா?"

கணேஷ்ராம் விட்டுக்கொடுக்கவில்லை. "யாரு மொதல்ல மடக்குறது?"

"ரெண்டு பேரும் ஒண்ணா."

அதற்குள் ப்ரியாவின் கவனம் மாறிவிட்டது. "ஆமா, இவன் எப்ப இருந்து தூங்குதான்?"

குமரவேல் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. காலையில் அவன் சிணுங்கியபோது ப்ரியா அந்த வண்டியில் போட்டு வீட்டுக்குள்ளேயே இரண்டு தடவை உருட்டினாள். கிரீச், கிரீச். பையன் சுருண்டுவிட்டான். பிறந்ததிலிருந்து அவன் தேடிய தாலாட்டு அதுதான் போலும்.

"அத்தான், இந்த வண்டியை நான் குடுக்கமாட்டேன்" என்றாள் ப்ரியா. உடனே முகம் மாறிற்று. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஷார்ஜா அண்ணன் வீடியோவில் கூப்பிடுகிற நாள். "மாப்ள, வண்டி எப்படி ஓடுது?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. பிள்ளையை இரண்டாவதாகத்தான் விசாரிப்பான்.

அந்தப் பக்கக் கதை வேறு. முந்தின நாள் ஆஸ்பத்திரி வாசலில் ஜெர்வின் போய் நின்றதும், வினோலியாவுடன் வந்த நர்ஸுகள் எல்லாரும் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். வினோலியாவுக்கும் அது புது வண்டிதான். ஆனாலும் முகத்தில் ஒரு சுருக்கம் காட்டவில்லை. "அவுக துறைமுகத்துலல்லா வேலை. கப்பல்ல வந்துச்சு" என்று சொல்லிவிட்டாள். ஜெர்வினுக்குப் புரையேறியது.

வீட்டுக்கு வந்ததும் அவன் விஷயத்தைச் சொல்லி, திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றான்.

"யார்ட்ட?"

"அந்தாள்ட்ட."

"அந்தாளு பேரென்ன?"

"தெரியாது."

"வீடு?"

"தெரியாது."

"அப்ப யார்ட்ட போய்க் குடுக்க?" என்று வினோலியா ரொம்ப நியாயமாகக் கேட்டாள். கிரேஸி கொசுவலைக்குள் மகாராணி போல உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிறு காலையில் கணேஷ்ராமும் ப்ரியாவும் அந்தக் கிரீச் வண்டியைத் தள்ளிக்கொண்டு தேடக் கிளம்பினார்கள். வண்ணார்பேட்டையில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? ஆனால் யாரையும் கேட்கவேண்டி வரவில்லை. ஒரு வாசலில் காவல்காரர் சத்தம் கேட்டுப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "இது கிரேஸிப் பாப்பா வண்டில்லா? நீங்க யாரு?" என்றார். பின்தெருவில் மாடி வீடு என்று அவரே வழியும் காட்டினார்.

கதவைத் திறந்த ஜெர்வினும் வெளியே நின்ற கணேஷ்ராமும் ஒருவரையொருவர் பார்த்ததும் விறைத்துக்கொண்டார்கள். பெண்கள்தான் பேசினார்கள்.

"வண்டிக்காக வந்தீகளா?" என்றாள் வினோலியா, குரல் இறங்க.

"ஆமாக்கா. உங்க வண்டியை நாங்களே வச்சுக்கிடலாமான்னு கேக்க வந்தோம்."

வினோலியாவுக்கு உள்ளே மணி அடித்தது. வெளியே பெருமூச்சு விட்டாள். "அது அவுக அம்மா ஆசையா வாங்கித் தந்ததுல்லா. எப்படிக் குடுக்கது?"

"எங்கம்மா எப்ப..." என்று ஆரம்பித்த ஜெர்வின், அவள் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றினான். "வச்சுக்கிடுங்க. எண்ணெய் போட்டா அந்தச் சத்தமும் போயிரும்."

"ஐயோ, போட்டுராதிய!" என்று அலறினாள் ப்ரியா.

பேரம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. வண்டிகள் இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குமரவேல் ஷார்ஜா வண்டியில் ஷார்ஜா அண்ணன் கண்ணில் படவேண்டும். சொல்லி வாய் மூடுவதற்குள் ப்ரியாவின் போன் அடித்தது.

அவசரமாகக் குமரவேலைத் தூக்கி ஷார்ஜா வண்டியில் வைத்தார்கள். அவன் வீறிட்டான்.

"மாப்ள, வண்டி எப்படி ஓடுது?" என்றான் திரையில் குற்றாலலிங்கம். "பிள்ளை எதுக்கு அழுதான்?"

"சந்தோசம்ணே" என்றாள் ப்ரியா.

"யாரு வீடு அது? மாதா படம் தெரியுது."

"கூட்டுக்காரி வீடுண்ணே." வினோலியா அந்த நிமிஷத்திலிருந்து சிநேகிதி ஆனாள்.

அதற்குள் தன் சிம்மாசனத்தில் வேறொருவன் இருப்பதைக் கிரேஸி பார்த்துவிட்டாள். தவழ்ந்து வந்து, சக்கரத்தைப் பிடித்து எழுந்து, குமரவேலின் காலை இழுத்தாள்.

"அது யாரு, வண்டியில ஏறுதது?"

"வண்டியைப் பாக்க வந்த பிள்ளை" என்றான் கணேஷ்ராம்.

குற்றாலலிங்கத்தின் கை பெருமையோடு மீசைக்குப் போனது. "பாத்தீரா, ஊர்ப் பிள்ளையெல்லாம் ஆசைப்படுது! இன்னொண்ணு வேணும்னாலும் அனுப்புதேன் மாப்ள."

"செவப்புக் கலர் இருக்கான்னு கேளுங்க" என்று திரைக்கு வெளியே வினோலியா கிசுகிசுத்தாள்.

நன்றிக்கடன் தீர்க்கும் வேகத்தில் ப்ரியாவும் கேட்டுவிட்டாள். "அண்ணே, செவப்பு இருக்கா?"

குற்றாலலிங்கத்தின் முகம் மலர்ந்தது. பின்னால் திரும்பிக் கூவினான்: "ஏட்டி, இங்க வா! ப்ரியா முழுகாம இருக்கா!"

"இல்லண்ணே, அது வந்து..." என்பதற்குள் போன் கட்டாகிவிட்டது. அடுத்த நிமிஷமே கணேஷ்ராமின் சட்டைப்பையில் போன் துடித்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை, பிறகு நிற்கவே இல்லை. திருநெல்வேலி டவுனிலிருந்து தென்காசி வரைக்கும் சொந்தக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள்.

ப்ரியா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். வினோலியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

ஜெர்வின் இரண்டு எட்டு முன்னால் வந்து கையை நீட்டினான்.

"வாழ்த்துக்கள் வே. ஊரு சொல்லுததுக்கு முன்னால நான் சொல்லிரணும்லா?"

கணேஷ்ராம் முறைக்கத்தான் நினைத்தான். சிரிப்பு முந்திக்கொண்டது.