ராத்திரி வரை நிற்க வேண்டிய சிவப்பு

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. மராட்டியப் பக்கத்துச் சாங்வியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. போன மாதம் ஒரு காலையில் என்னோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். கழுத்தில் ஆபீஸ் அட்டை, தோளில் டிபன் பை. நான் இருப்பதை மறந்து கன்னத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, மோதிர விரலால் கன்ன மேட்டில் மெல்லத் தட்டினாள். தேய்க்கவில்லை, தட்டினாள். யாருக்கோ பதில் சொல்வதுபோலத் தலையை ஒரு தரம் ஆட்டிக்கொண்டாள். கீழ்த்தளம் வந்தது, போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெயர்கூடத் தெரியாது. மற்றதெல்லாம் நான் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கதை கேட்க வருகிற தங்கங்களே, உங்களிடம் நான் பொய் சொல்வதுண்டு. ஆனால் இது பொய் என்று சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்.

2

அவளுக்குச் சாவித்ரி என்று பெயர் வைத்து முதல் வரி எழுதிப் பார்த்தேன்.

[சாவித்ரியின் கன்னத்தில் அந்திவானம் பூத்து—]

அடித்துவிட்டேன். வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது டப்பாவில் வருகிற கன்னச் சிவப்பு. மூடி சரியாக விழாவிட்டால் கைப்பை முழுக்க அப்பிக்கொள்ளும்.

[பாஸ்கர் போய் மூன்று வருஷமாகியும் சாவித்ரியால்—]

இதுவும் வேண்டாம். இறந்த கணவரிலிருந்து தொடங்கினால் கதை அவருடையதாகிவிடும்.

இப்படி இருக்கட்டும்: மகள் கல்யாணத்தன்று, காலையில் பூசுகிற சிவப்பு ராத்திரி கடைசி விருந்தாளி போகும்வரை கன்னத்தில் நிற்க வேண்டும் என்று சாவித்ரி முடிவு செய்தாள்.

3

ஏன் என்று கேட்பீர்கள். கோயம்புத்தூரில் நாத்தனார் மகன் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "வாடிப் போயிட்டியே" என்றார்கள். பிறகு ரொம்ப அன்பாக, பின்வரிசையில் ஃபேன் கீழே உட்கார வைத்தார்கள். ஆல்பத்தில் அவளுடைய தோள் மட்டும் ஓரிடத்தில் வந்திருக்கிறது. தன் மகள் தீப்தியின் கல்யாணத்தில் அப்படி நடக்கக் கூடாது. வாடாத முகத்தை யாரும் பின்னால் அனுப்ப முடியாது என்பது அவள் கணக்கு.

பழக ஆரம்பித்தாள். ஃபோனில் வீடியோ பார்த்துக் கன்னத்தின் நடுவில் வட்டமாகப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனாள். தேஹு ரோடு ராணுவ டிப்போவில் அவளுக்குக் கணக்குப் பிரிவு. ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் கூட வருகிற ஜான்சி உற்றுப் பார்த்தாள்.

"என்ன சாவித்ரி, வீட்ல யாராச்சும் அறைஞ்சாங்களா?"

"அறையறதுக்கு யாரு இருக்கா? நானேதான்."

மத்தியானத்துக்குள் அது கைக்குட்டையில் இருந்தது. சாவித்ரி விடவில்லை. முகத்துக்கு க்ரீம் தடவி, அது உள்ளே இறங்கும்வரை காபி குடித்தாள். முதலில் க்ரீமாக வருகிற சிவப்பை மேட்டில் தட்டி, காதுப் பக்கமாக மேலே கரைத்தாள். அதன்மேல் அதே நிறத்தில் பவுடர். அதன்மேல் பன்னீர் தெளிப்பதுபோல ஒரு ஸ்ப்ரே; அது காயும்வரை பேச்சில்லை. வியர்த்தால் துடைக்காமல் ஒற்றினாள். பூசி முடித்ததும் கொஞ்சம் அதிகம் என்று தோன்ற வேண்டும், மத்தியானம் அதுவே சரியாகிவிடும் என்பதையும் கண்டுகொண்டாள்.*

* நானும் பூசிப் பார்த்தேன். என் கன்னத்தில் மேடு எது, பள்ளம் எது என்று தேடவே ஒரு பொழுது போயிற்று. ஆனால் நின்றது. பால்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

4

இப்போது எனக்குச் சந்தேகம் வந்த இடம்.

பாஸ்கரின் அக்கா மல்லிகாவை, அந்த நாத்தனாரை, கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தேன், வில்லியாக. [மல்லிகா கண்களால் எரித்தாள்—] எரிக்க மாட்டேன் என்றுவிட்டாள். கல்யாணத்தன்று விடியற்காலையில் ஒப்பனைக் கண்ணாடிக்குப் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து, சாவித்ரி தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எதுக்கு கண்ணு? எல்லாரும் உன்னையேல்ல பாப்பாங்க."

"அதுக்குத்தானுங்க அண்ணி."

"முன்னால போயி நின்னா, கொஞ்சம் பின்னால வாங்கன்னு எவளாச்சும் சொல்லுவா. நாமளே பின்னால நின்னுட்டா அந்தப் பேச்சக் கேக்க வேண்டியதில்ல பாரு. நான் அப்படித்தான் இத்தன வருசம் ஓட்டுனேன்."

மல்லிகாவும் கணவரை இழந்தவள் என்பது அவள் இதைச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. தன் மகன் கல்யாணத்தில் அவளும் அந்த ஃபேன் கீழேதான் உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு அவளை வில்லியாக்க என் கை வரவில்லை.

5

மாப்பிள்ளை மாதவ் மராட்டிக்காரப் பையன். கல்யாண நாள் காலையில் ஹளத், அதாவது மஞ்சள் பூசும் சடங்கு. வியர்வை, கண்ணீர், ஹோமப் புகை, மாலை உரசல் எல்லாவற்றுக்கும் வழி வைத்திருந்த சாவித்ரி இதை யோசிக்கவில்லை. நம் வீட்டு நலங்கில் மஞ்சள் பெண்ணோடு நின்றுவிடும். இங்கே மாப்பிள்ளைக்குப் பூசிய மிச்சம் பெண்ணுக்கு வரும். பெண்ணுக்குப் பூசிய கையோடு பெண்கள் ஒருத்தி கன்னத்தில் ஒருத்தி அப்பிக்கொள்வார்கள். ஓடுவார்கள், பிடிப்பார்கள், சிரிப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் மண்டபமே மஞ்சளாகிவிட்டது. தட்டைப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்ற சாவித்ரியின் முகம் மட்டும் காலையில் பூசியது பூசியபடி இருந்தது. பின்னால் மல்லிகா, அவளும் மஞ்சள் படாமல்.

மாதவின் அம்மா சுனந்தா சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். சாவித்ரியின் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். கை பாதியில் நின்றது.

"அஹோ, நக்கோ நக்கோ, வேண்டாம். உங்க மேக்கப் கராப் ஆயிடும்" என்று இந்தியும் மராட்டியுமாகச் சொல்லிவிட்டு, அடுத்தவள் கன்னத்துக்குப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் ஸ்ரீரஞ்சனி என்னை நிறுத்தினாள். பக்கத்து வாகட்டிலிருந்து கதை கேட்க வருகிறவள்.

"மாமி, அவ நிஜமா மேக்கப்புக்காகத்தான் பூசலயா? இல்ல, சாவித்ரிக்குப் புருஷன் இல்லன்னா?"

"தெரியலயே தங்கம்."

"நீங்கதான எழுதறீங்க?"

"எழுதினா? சுனந்தாவுக்கே தெரியுமான்னு சந்தேகமா இருக்கு."

சாவித்ரிக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்தச் சிவப்பு இப்படியே ராத்திரி வரை நின்றால், நாள் முழுக்க அவளை யாரும் தொடவில்லை என்று அர்த்தம்.

6

மூன்று முடிவு எழுதினேன்.

முதலாவதில் சாவித்ரி ஈரத்துணியால் கன்னத்தைத் துடைத்துவிட்டு, வெறும் முகத்தோடு போய் நிற்கிறாள். கிழித்துவிட்டேன். உள்ளே வருவதற்குத் தன் நிறத்தை ஏன் வாசலில் கழற்றி வைக்க வேண்டும்?

இரண்டாவதில் சுனந்தா திரும்பி வந்து கட்டிப்பிடித்து, [இருவர் கண்களிலும் நீர்—] வேண்டாம். அது சுனந்தாவின் பெருமை. சாவித்ரி வெறுமனே நிற்பதற்கா இத்தனை நாள் பழகினாள்?

மூன்றாவது இன்னும் முடியவில்லை.

7

மணையில் தீப்தி கண்ணை இறுக்கி மூடியிருக்கிறாள், இமையெல்லாம் மஞ்சள்.

"அம்மா எங்க? சப் லோக், எல்லாரும் வந்தாச்சு, அம்மா மட்டும் பூசவே இல்ல. இங்க வாயேன்."

சாவித்ரி தட்டைத் தூணடியில் வைத்தாள். ஒரு கையில் மஞ்சள் கிண்ணத்தை எடுத்தாள். மறு கையால் மல்லிகாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் எதுக்கு கண்ணு, விடு."

"வாங்க அண்ணி."

"எவளாச்சும் சொல்லுவா."

"சொல்லட்டும். நேரா நம்ம மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

கூட்டத்துக்கு நடுவே நடந்தார்கள். சாவித்ரி மகளின் இரண்டு கன்னத்திலும் மஞ்சள் பூசினாள். தீப்தி கண்ணைத் திறக்காமலே, "அம்மா" என்றாள். கையை வைத்தே தெரிந்துகொண்டாள். பிறகு சாவித்ரி கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கிண்ணத்தை நீட்டினாள்.

"எனக்கும் அண்ணிக்கும் பூசுங்க. அழிஞ்சா திரும்பப் போட்டுக்கறேன். டப்பா பையிலதான் இருக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. சுனந்தா தன் மஞ்சள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதற்குமேல் எழுத எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். நான் எழுதினால் அது என் கையாக இருக்கும். அவள் கிண்ணத்தை என்னிடம் நீட்டவில்லை. நீங்களும் அந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள், முன்வரிசையில், கிண்ணம் எட்டுகிற தூரத்தில். சாவித்ரி கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். சிவப்பு இன்னும் அழியவில்லை.

நான் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன். உங்கள் கைக்கு இடம் வேண்டும்.