பைண்டிங்கில் இருக்கிறது

என்னைவிட ஆறு வயது சின்னவளை நான் அண்ணி என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது. மனதுக்குள் அவளுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன்: பல்லாஸ்பத்திரிக்காரி. பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். அண்ணன் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போய் இவளைக் கட்டிக்கொண்டு வந்தான்.

அவன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டதில் எனக்கு ஒன்றும் இல்லை. பிரச்சினை வாலுதான். வாலு அவன் மகள், பதின்மூன்று வயது. அவளுக்கு ஐந்து வயதில் அம்மா இறந்துபோனாள். அப்புறம் ஏழு வருஷம், பள்ளி விட்டதும் நேராக நூலகத்துக்கு வருவாள், பையை என் மேஜைக்கு அடியில் எறிவாள், அண்ணன் வேலை முடிந்து வரும்வரை என்னோடு இருப்பாள். நான் குழந்தைகள் பிரிவு நூலகர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. வாலு இருந்தாள், புத்தகங்கள் இருந்தன.

குழந்தைகள் புத்தகங்கள்தான். சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. மாடியில் பெரியவர்கள் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் என்னைக் கண்டால், "என்ன மேடம், இன்னும் வளரவே இல்லையா?" என்பார். அவர் பிரிவு நாவல்களில் ஒரு ஆள் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்து முடிக்கவே நாற்பது பக்கம் ஆகிறது. என் பிரிவில் மூன்றாம் பக்கத்துக்குள் யாராவது தொலைந்துபோவார்கள், பத்தாம் பக்கத்தில் தேடக் கிளம்பிவிடுவார்கள். புதுக் கட்டு வந்தால் முத்திரை குத்தி, முதுகில் எண் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போடுவது என் வேலை. அதற்கு முன் படித்துவிடுவது என் சுகம். எனக்கு அடுத்து வாலு படிப்பாள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரித்தோமா என்று ஒத்துப் பார்ப்போம்.

கப்பல் தொடர் என்றால் எங்கள் இருவருக்கும் உயிர். சரக்குக் கப்பலில் ஒளிந்து பயணம் செய்யும் ஒரு பெண். அவளுக்குச் சாப்பாடு கொடுத்துக் காப்பாற்றும் ஒரே ஆள் கப்பலின் சமையல்காரர். நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அவள் தூங்கும் அறையை யாரோ வெளியிலிருந்து பூட்டுகிறார்கள். சாவி சமையல்காரரிடம் மட்டும்தான் உண்டு. அதோடு முடித்துவிட்டார்கள், பாவிகள். அடுத்த பாகம் வர ஒன்றரை வருஷம் ஆனது.

அந்த ஒன்றரை வருஷத்துக்குள்தான் பல்லாஸ்பத்திரிக்காரி வந்தாள். "சித்தி மூணு மணிக்கே வந்துடறாங்க அத்தை" என்று வாலு பள்ளியிலிருந்து வீட்டுக்கே போக ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் என்னிடம் வந்தாள். பொறுத்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குப் பதில் அண்ணி வந்து நின்றாள். உறுப்பினர் அட்டை வேண்டுமாம்.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்கும் தெரியவில்லை. "வாலு அத்தை" என்றாள். "எனக்குப் படிக்கிற பழக்கமே இல்ல. மருந்து அட்டையில இருக்கறதப் படிப்பேன், அவ்வளவுதான். ஆனா வாலு எந்நேரமும் அந்தக் கப்பல் கதையத்தான் பேசறா. நானும் படிச்சா அவகிட்ட பேச ஏதாவது இருக்கும்ல?"

முதல் பாகத்திலேயே ஓடிவிடுவாள் என்று நினைத்துக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் நான்கையும் முடித்துவிட்டாள். ஒவ்வொன்றையும் திருப்பித் தரும்போது வாலு எந்த இடத்தில் சிரிப்பாள் என்று எனக்குச் சொன்னாள். எனக்கே! காதில் புகை வராததுதான் பாக்கி.

அப்போதுதான் ஐந்தாம் பாகம் வந்தது, ஒரே ஒரு பிரதி. அன்றைக்கே படித்தேன். கடற்கொள்ளைக்காரர்கள் வருவதைப் பார்த்து, அவளைக் காப்பாற்றத்தான் சமையல்காரர் பூட்டியிருக்கிறார். நல்ல முடிவு. இதை வாலு கையில் கொடுத்து, அவள் படிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகக் கணினியைத் திறந்தால், முன்பதிவு வரிசையில் முதல் ஆள் அண்ணி. அவள் வீட்டு சோபாவில் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து இந்தப் புத்தகத்தைப் பிரிப்பது கண் முன்னால் வந்தது. எனக்குத் தாங்கவில்லை. புத்தகத்தின் நிலை என்ற கட்டத்தில் 'பைண்டிங்கில்' என்று போட்டேன். அப்படிப் போட்டுவிட்டால் யாருக்கும் தர வேண்டாம், யாரும் கேட்கவும் மாட்டார்கள். பளபளவென்று இருந்த புதுப் புத்தகத்தை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

வாலு தனியாக வரட்டும், கொடுக்கலாம் என்பது என் திட்டம். அவள் தனியாக வரவே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள்.

"வந்துடுச்சா?"

"பைண்டிங்குக்குப் போயிருக்கு அண்ணி."

"புதுப் புத்தகத்துக்கு எதுக்கு அத்தை பைண்டிங்?" என்றாள் வாலு.

"தையல் விட்டுப்போய் வந்துச்சுடி."

எவ்வளவு சரளமாக வந்தது! அண்ணி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். 'எனக்கு வலியே இல்லை' என்று சாதிக்கும் நோயாளியை அவள் அப்படித்தான் பார்ப்பாளாக இருக்கும்.

ஐந்து வாரம் ஓடியது. வரிசையில் இன்னும் ஏழு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஏழு பேருக்கும் அதே பொய்யைச் சொன்னேன். ஆறாவது வாரம் வாலு தனியாக வந்தாள். அவசரமாக டிராயரைத் திறந்து, புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"அட, வந்துடுச்சா?" என்று அட்டையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் என் பக்கமே தள்ளினாள். "வேற யாராவது காத்துட்டிருந்தா குடுத்துடுங்க அத்தை. நாங்க முடிச்சிட்டோம்."

"முடிச்சிட்டீங்களா? புத்தகம் இங்கதானே..." நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சித்தி சொன்னாங்க. புத்தகம் வரும்போது வரட்டும், அதுவரைக்கும் நாமளே கதைய நகர்த்துவோம்னு. தினம் சாப்பிட்டு முடிச்சதும் கொஞ்சம் கொஞ்சமா. செம கதை அத்தை! சொல்றப்ப சித்தியே அழுதுட்டாங்க."

"யாரு பூட்டினதாம்?"

"சமையல்காரர்தான். ஆனா கெட்டவர் இல்ல. அடுத்த துறைமுகத்துல அவ இறங்கிப் போயிடுவா, அப்புறம் நாம தனியாயிடுவோம்னு பயம். அதான் பூட்டிட்டு, சாவி தொலைஞ்சு போச்சுன்னு எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டுத் திரியறார். பாவம் அத்தை."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. அண்ணனிடம் போட்டுக்கொடுக்கவில்லை, வாலுவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உட்கார்ந்து கதை பண்ணியிருக்கிறாள். நியாயமாக எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபது வருஷமாக ஊர்க் கதையெல்லாம் படித்த நான் வாலுவுக்கென்று சொந்தமாக ஒரு கதை சொன்னதில்லையே என்று பொறாமைதான் பொங்கிக்கொண்டு வந்தது.

"அப்புறம்?" என்றேன். "பூட்டினது அவர்தான்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுதா? தெரிஞ்சப்புறம் அவரோட பேசினாளா?"

வாலு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அத நான் சொன்னா நல்லாருக்காது. சித்தி சொல்லித்தான் கேக்கணும். வீட்டுக்கு வாங்களேன்."

கணினியில் 'பைண்டிங்கில்' என்பதை அழித்தேன். ஏழு பிள்ளைகளில் முதல் பிள்ளையின் பெயரைச் சீட்டில் எழுதி, புத்தகத்துக்குள் செருகினேன். வாலு வாசல் வரை போய்விட்டாள். புத்தகமாக இருந்தால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருப்பேன். இது பல்லாஸ்பத்திரிக்காரியின் வாயில் அல்லவா இருக்கிறது!

"இருடி, நானும் வரேன்" என்றேன். பொறாமை கொஞ்சமும் அடங்கவில்லை. ஆனால் அந்தக் கப்பல் பெண் பேசினாளா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.