பலகையில் இருந்த இடது கண்

பெரிய கங்காணி வீரய்யா நாற்காலியில். கடிதம் எழுத வந்த நான் அவருக்கு வலப்புறம், மேசையோடு. வாசற்படியில் ஆண்டியப்பன், ஃபாக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்கு நம்பர் எழுதுகிறவன். அவன் பெண்சாதி அம்மாக்கண்ணு வெளியே நின்றாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

சுவரில் ஒரு பெட்டிப்பலகை சாத்தியிருந்தது. அதில் கறுப்பு மையில் ஒரு முகம். இடது கண் வெளுத்து, அதிலிருந்து சிவப்பு மை தாடைவரை வழிந்தது.

கங்காணிக்கும் இடது கண்ணில்தான் பூ விழுந்திருந்தது.

“எழுதுங்க ரைட்டரே. எனக்குச் செய்வினை வைக்கப் படம் போட்டிருக்கான். பத்துச்சீட்டுக் குடுத்து வேலையவிட்டு நிறுத்தி, லயத்து வீட்ட விட்டே வெரட்டணும்னு தொரைக்கு எழுதுங்க.”

“படத்துல இருக்கறது நான்தானுங்க,” என்றான் ஆண்டியப்பன்.

“பெட்டி ஆணி தெறிச்சு ஒனக்குப் போனது வலது கண்ணுடா! எனக்குத் தெரியாதா?”

எனக்கும் சந்தேகம்தான். போன கண் எந்தப் பக்கம் என்று ஒருவன் மறப்பானா?

அம்மாக்கண்ணு மடியிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்தாள். “லிந்துலையில பாவா கடையில வாங்கினதுங்க. இதப் பார்த்துத்தான் வரைஞ்சாரு.”

ஆண்டியப்பன் அதைப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்துத் தன் முகத்தைக் காட்டினான். அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். கண்ணாடியில் பக்கம் மாறித் தெரிந்த முகமும் பலகையில் இருந்ததும் ஒன்றுதான்.

கங்காணி விடவில்லை. “ஒன் மூஞ்சிய நீயே எதுக்குடா வரையிற? சங்கத்துக்காரனுக்குக் காட்டவா?”

“கண்ணு போனதுலேர்ந்து எங்கிட்டப் பேசறவங்க எல்லாம் என் தோளத்தான் பாக்குறாங்க. நீங்களுந்தான். யாராச்சும் நேராப் பாக்கணும்னு இருந்திச்சு. நானே பாத்துக்கிட்டேன்.”

“பேச்சப் பாரு! ரைட்டரே, செய்வினைன்னு எழுதுனத அடிச்சிடுங்க. பலகையும் மையும் களவுன்னு எழுதுங்க.”

“அடுப்புக்குக் குடுத்த ஒடஞ்ச பலகைங்க,” என்றாள் அம்மாக்கண்ணு.

“மையுமா அடுப்புக்கு?”

நான் அடித்துத் திருத்தினேன்.

“களவுன்னா பொருளையும் கூட அனுப்பணுங்க. இல்லாட்டி தொரை கேப்பாரு,” என்றேன்.

கங்காணி நல்ல கண்ணால் என்னை அளந்தார். “அனுப்புங்க.”

இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன்: “பலகை ஒன்று. அதில் வரைந்தவனின் முகம். கண், ஃபாக்டரியில் ஆணி தெறித்துப் போனது.”

“கண்ணு எதுக்கு அதுல?”

“அடையாளம் எழுதணுமுங்க. நாளைக்கு வேற பலகைன்னு சொல்லிட்டா?”

முணுமுணுத்துக்கொண்டே கைநாட்டு வைத்தார்.

“தொரை பாப்பாருங்களா?” என்று ஆண்டியப்பன் என்னிடம் கேட்டான்.

“சாக்குல சுத்தித்தான் அனுப்புறேன். பிரிச்சாப் பாத்துத்தானே ஆகணும்.”

முகம் மேலே இருக்கும்படி வைத்துச் சாக்கைச் சுற்றிக் கட்டினேன். உறையைச் சோற்றுப் பசையால் ஒட்டி அழுத்தினேன். தப்பால்காரன் அழகன் இரண்டையும் வாங்கிக்கொண்டு துரை பங்களாப் பாதையில் ஏறினான்.