இருபத்துநான்காம் பக்கம்

அறுபது புத்தகங்களிலும் அந்தத் தாளைக் கிழித்தது நான்தான். அடிமட்டத்தை வைத்து, தையல் பிரியாமல், பிசிறு தெரியாமல் கிழித்தேன். பத்து வருஷம் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடதாசி வெட்டி ஒட்டிய கை, நன்றாகத்தான் கிழிக்கும். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சுனாமியில் நாவலடியில் என் வீடும் முன்பள்ளியும் ஒன்றாகப் போயின. அதன்பின் வெளிநாட்டுத் தேவாலயம் ஒன்றின் உதவியோடு வந்த ஒரு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. இளம் பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. தடுப்பும் வாழ்க்கைத்திறனும் படிப்பிக்க வேண்டும். ஆனால் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் வழியாகத்தான் படிப்பிக்க வேண்டும். சாமி சொன்னால் சனம் கேட்கும் என்பது அவர்களின் கணக்கு. சாமியின் பேரில் பேசுகிறவர்கள் யார் என்று அவர்கள் விசாரிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

2008இல் வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கத்து ஊர் ஒன்றின் அம்மன் கோயில் மண்டபம் எனக்குக் கிடைத்தது. அந்தக் கோயிலின் வண்ணக்கர், அதாவது நிருவாகத்துக்குத் தலைவர், கந்தப்போடி. வட்டையில், ஊரின் வயல்வெளியில், பாதி அவருடையது. புத்தகத்தை வாங்கி எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். இருபத்துமூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. ஆறாம் பாடம், ஆணுறையின் படம்.

"இஞ்ச பாருங்க டீச்சர், அம்மன்ட மண்டபத்தில இந்தப் படத்த விரிச்சு வெச்சிப் படிப்பிக்க ஏலா. இந்தத் தாள எடுங்க. மறுகா வகுப்ப நடத்துங்க."

நிறுவனத்தில் என் பொறுப்பாளருக்குப் போன் எடுத்தேன். "ஒரு தாள்தானே சுலோஜனா, கிழிச்சிட்டு நடத்துங்க. வகுப்பே நடக்காட்டி அறிக்கையில என்னத்த எழுதிற?" என்றார்.

ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபத்துநான்காம் பக்கத்தில் ஏழாம் பாடம் இருந்தது. 'எச்.ஐ.வி. எப்படிப் பரவாது?' சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது, கைகொடுப்பதால் பரவாது, ஒரே குளத்தில் குளிப்பதால் பரவாது என்று ஒரு பட்டியல். அதை வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கிழித்தேன். கிழித்த தாள்களை இரண்டு கட்டாகக் கட்டி வண்ணக்கர் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். எரிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

ஏழாம் பாடத்துக்குக் குறித்த சனிக்கிழமை ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். என் மாணவர்கள் எல்லாரும் விளையாட்டு மைதானத்தில் வெயிலில் தலைகுனிந்து பின்னேரம் வரை குந்தியிருந்தார்கள். அடுத்த சனி அட்டவணைப்படி எட்டாம் பாடம். நான் எட்டாம் பாடத்தையே நடத்தினேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான். அந்தப் பிறகு வரவேயில்லை.

கடைசி நாளில் அறுபது பேரும் அம்மனுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, ஒழுக்கமாக இருப்போம் என்று சத்தியம் செய்தார்கள். முதலில் கொளுத்தியவன் உதயரூபன், இளைஞர் கழகத் தலைவன், இருபத்திரண்டு வயது. என் வகுப்பில் அவன்தான் கெட்டிக்காரன். எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குவான். நிறுவனம் படம் எடுத்து நாட்காட்டி அடித்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை.

கேதீஸ்வரி அந்த வகுப்பில் இல்லை. அவளுக்கு இருபத்தேழு வயது. கத்தாருக்குப் போன அவளுடைய புருஷன் மெலிந்து திரும்பி, அந்த வருஷமே செத்துப்போனான். மெலிந்து செத்தால் அதுதான் என்று ஊர் முடிவு கட்டியது. என் மாணவர்களும் ஐந்தாம் பாடத்தின் நோய்க்குறிகளை வரிசையாய்ச் சொல்லி அந்த முடிவுக்குச் சாட்சி கொடுத்தார்கள். அவளுடைய கிணற்றடிக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் மெல்ல மெல்ல வேறு கிணறு பார்த்தார்கள்.

அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரு தம்பி, நிதுர்ஷன். 2006இல், பதினாறு வயதில், ரியூசனுக்குப் போன வழியில் இயக்கத்துக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் உயிரோடு இருந்தால் தீமிதிக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். யுத்தம் முடிந்த அடுத்த மாதம் அவன் கையெழுத்தில் ஒரு துண்டு வந்தது. வவுனியாப் பக்கம் புனர்வாழ்வு முகாமில் இருக்கிறானாம். துண்டை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்து சிரித்தாள், அழுதாள். நேர்த்தியைச் செய்யாவிட்டால் தம்பி வீடு வந்து சேரமாட்டான் என்று அவள் முழுதாக நம்பினாள்.

ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டப் போனவளைக் கோயில் நிருவாகத்தார் மறித்து, ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்துத் துண்டு கொண்டுவரச் சொன்னார்கள். தீமிதிக்க இருந்தவர்கள் நாற்பத்துமூன்று பேர். கேட்டது அவள் ஒருத்தியிடம்.

நான் கோயிலுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கந்தப்போடி ஆறுதலாக வெற்றிலை மடித்தார். பதில் சொன்னவன் உதயரூபன்.

"டீச்சர், நீங்கதானே படிப்பிச்ச? ரத்தத்தால பரவும் எண்டு. தீக்குழியில காலு வெடிக்கும், ரத்தம் வரும். பின்னால வாறவன்ட காலும் வெடிச்சிரிக்கும். அப்ப என்ன நடக்கும்? நீங்களே சொல்லுங்க."

முழுப் புள்ளி எடுத்த பிள்ளையின் முகத்தோடு என்னைப் பார்த்தான். ஒரு பகல் முழுக்க மருத விறகு எரிந்து கனன்று கிடக்கும் குழியில் தப்பிப் பிழைக்கிற கிருமி என்றால், அதற்கே தனியாய்க் கோயில் கட்டிக் கும்பிடலாமே! கத்தினேன். பரவாது, பரவாது என்று கத்தினேன்.

"அப்ப ஏன் புத்தகத்தில இல்ல?" என்றான்.

வண்ணக்கர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். கிழித்தவள் நான்.

கேதீஸ்வரி சோதிக்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். பாலத்தடிச் சோதனைச்சாவடியில் இறங்கிப் பையைக் காட்டி, மறுபடி ஏறி, பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் அலைந்தோம். முடிவை வாங்கி, வாவிக்கரையில் நின்று வாசித்தாள். பிறகு என்னிடம் தந்தாள். நானும் வாசித்தேன். நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

"காட்டப் போறியா?" என்று கேட்டேன்.

"அக்கா, என்ட தம்பிக்காக நேந்தது நான். இவனுகளுக்கு ஏன் காட்டணும்?"

கோயிலில் காப்புக் கட்ட மறுத்ததால், வீட்டில் அம்மன் படத்துக்கு முன்னால் மஞ்சள் நூலை எடுத்துத் தானே கட்டிக்கொண்டாள்.

தீமிதிப்பு அன்று பின்னேரம் கோயில் வீதியில் கால் வைக்க இடமில்லை. கனலின் சூடு பத்து முழத்துக்கு இப்பாலும் முகத்தில் அடித்தது. காப்புக் கட்டியவர்களோடு உதயரூபனும் மஞ்சள் வேட்டியில் நின்றான். தன் முறை வரும்வரை ஒலிபெருக்கியில் அவன்தான் அறிவித்துக்கொண்டிருந்தான். ஒழுக்கம், சுத்தம், அம்மன் என்று என் பாடத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னான். எரிச்சலில் என்ன செய்வதென்று தெரியாமல் ஏறாவூர் அப்துல் கபூர் காக்காவின் வண்டிலில் ஒரு சுருள் கச்சான் கடலை வாங்கினேன்.

கச்சானைக் கையில் கொட்டிவிட்டுச் சுருளைக் கசக்கப்போனவள், விரித்துப் பார்த்தேன். 'எச்.ஐ.வி. எப்படிப் பரவாது?'

"காக்கா, இது எங்கால?"

"வண்ணக்கர்ட ஊட்டுல ரெண்டு கட்டுக் கிடந்திச்சி டீச்சர். நல்ல மொத்தக் கடதாசி. ஏன், ஆகாதா?"

வண்டிலைச் சுற்றி நின்ற சனம் முழுக்க என் ஏழாம் பாடத்தில் கச்சான் தின்றுகொண்டிருந்தது. கிழவிகளின் கையில், பிள்ளைகளின் கையில், காவலுக்கு நின்ற ஆமிக்காரனின் கையில். ஆறாம் பாடத்துப் படமும் கூடவே ஊரெல்லாம் உலாவியது. மண்டபத்துக்குள் மாத்திரம் வரக்கூடாதாம்! எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் கையிலிருந்த கச்சானை மண்ணில் வீசினேன். அந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

தாளைக் கொண்டுபோய் உதயரூபனின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "படி. மைக்கில படி."

ஒலிவாங்கியைக் கையால் பொத்தினான். "இப்பவா டீச்சர்?"

பிடுங்கி நானே வாசித்தேன். சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது. கைகொடுப்பதால் பரவாது. ஒரே குளத்தில் குளிப்பதால் பரவாது. நுளம்பு கடிப்பதால் பரவாது. ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பதால் பரவாது. அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் அப்படியொரு பட்டியல் அதற்கு முன் கேட்டிருக்காது. சனம் திரும்பிப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள்.

"மைக்க நிப்பாட்டுங்கடா!" என்று கந்தப்போடி குழியின் தலைமாட்டிலிருந்து கத்தினார். யாரோ வயரை இழுத்தார்கள். என் குரல் பாதியில் நின்றது.

அந்த நேரம் கேதீஸ்வரி வந்தாள். தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டும் மஞ்சள் சேலையோடு, கையில் வேப்பங்குழையோடு வந்து, குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றடியில் நின்றாள்.

"துண்டு எங்க?" என்றார் கந்தப்போடி.

சட்டைக்குள்ளிருந்து எடுத்தாள். அவர் கையை நீட்டினார். அந்தக் கைக்கு மேலாகக் குழிக்குள் எறிந்தாள். கனலில் விழுமுன்னமே தாள் சுருண்டு பற்றியது.

கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். ஓடவில்லை. நடந்தாள். பதினொரு அடி. நடுவில் ஒருதரம் "தம்பீ" என்றாள். எனக்கு அது கேட்டது. அக்கரையில் பால் வார்த்த குழியில் கால் வைத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவளுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. நாற்பத்திரண்டு பேர், அதில் பத்தொன்பது பேர் என் மாணவர்கள். அம்மனுக்காக நெருப்பில் இறங்க வந்த இத்தனை பேரும் ஒரு பெண்ணின் காலடியைப் பார்த்துப் பயந்து நின்றார்கள். பறை அடித்தவன்கூட நிறுத்திவிட்டான். பூசாரியார் பிரம்பை ஓங்கினார். "அம்மன் பாத்துக்கிட்டு நிக்கா. நடக்கிறவன் நட, ஏலாதவன் காப்ப அறுத்துப் போட்டுட்டு ஊட்ட போ!"

உதயரூபன் இறங்கினான். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராய் இறங்கினார்கள். சனம் "அரோகரா" என்று கூவியது. நான் அங்கேயே குந்தியிருந்து அழுதேன். ஒருவனாவது விளங்கிக்கொண்டானே, என் படிப்பிப்பு வீண்போகவில்லையே என்று அழுதேன். புத்திகெட்ட விசரி நான்.

மூன்று கிழமைக்குப் பிறகு நகரத்தில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு உதயரூபன் வந்தான். கதவைச் சாத்திவிட்டு இருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"டீச்சர், ஆருக்கிட்டயும் சொல்லமாட்டன். கேதீஸ்வரி அக்காட துண்டில என்ன இருந்த? நான் அவக்கு நேர பின்னால நடந்த ஆள். எனக்கி நித்திரை இல்ல."

"உனக்கு விளங்கித்தான் நடந்தாய் எண்டு நினைச்சன்."

"நடந்த நேரம் எல்லாரும் பாத்துக்கிட்டு நிண்டாங்க டீச்சர். மறுகாத்தான் யோசிச்ச நான்."

இதே கேள்வியை வண்ணக்கர் ஆளனுப்பிக் கேட்டார். என் பொறுப்பாளர் அறிக்கைக்காகக் கேட்டார். இதை வாசிக்கிற நீங்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். ஒருவருடைய ரத்தச் சோதனை அவருக்கு மட்டுமே சொந்தம் என்பது ஒன்பதாம் பாடம். அதை நான் ஒழுங்காகப் படிப்பித்தேன், அந்தப் பக்கத்தை யாரும் கிழிக்கவில்லை. கேட்டுவிட்டு எதிரே இருப்பவன் அந்தப் பாடத்துக்கு நூற்றுக்கு நூறு எடுத்தவன்.

மேசை லாச்சியைத் திறந்து, கச்சான் எண்ணெய் படிந்த அந்தத் தாளை அவனுக்கு முன்னால் போட்டேன். "இது உன்ட பாடம். நான் தராம விட்டது. படி."

குனிந்து படித்தான். விரலை ஒவ்வொரு வரியாய் வைத்து, கடைசி வரி வரை. பிறகு மேலே போய் மறுபடி படித்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கண்ணில் அதே கெட்டிக்காரத்தனம்.

"டீச்சர், தீக்குழியப் பத்தி இதில ஒண்டும் இல்லயே."

ஓங்கி அறையலாம்போல் இருந்தது. அவனையா, என்னையா என்றுதான் தெரியவில்லை. தாளை இழுத்து, பேனையை எடுத்து, எண்ணெயில் மை பிடிக்காமல் மூன்றுதரம் அழுத்தி அழுத்தி, பட்டியலின் அடியில் எழுதினேன்: ஒரே தீயில் நடப்பதால் பரவாது.

"இப்ப இருக்கு. கொண்டுபோய் வாசி. உரத்து வாசி. முதல்ல உன்ட வண்ணக்கர்ட வாசல்ல வாசி."