யாதிரா தலைகீழாகச் சுழன்ற குளிர்காலம்

நவம்பர் ஒன்பதாம் தேதி மாலை நாலே காலுக்கு, தெற்கு பிராங்ஸில் பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றின் நிலவறையில், பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி மேல் பதினைந்து வயது யாதிரா கின்யோனெஸ் தலையை ஊன்றிச் சுழல ஆரம்பித்தாள். மார்ச் வரை நிற்கவில்லை. நாலாவது நிமிடத்தில் முதல் மாடியின் சூட்டுக்குழாய் முனகியது. ஆறு மணிக்குப் பதினாலாவது மாடிக்காரர்கள் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தார்கள். வீடுகளுக்குச் சூடேற்றும் பாய்லர் அக்டோபரிலேயே செத்துப்போயிருந்தது. அம்மா ஐரிஸ் கட்டட நிர்வாக அலுவலகத்துக்குப் போன் செய்த போதெல்லாம் "புகார் பதிவாயிருக்கு, வரிசையில இருக்கு" என்றே பதில் வந்தது. ஆறு வயதுத் தம்பி எலியேலுக்குக் குளிர் பட்டாலே இழுப்பு வந்துவிடும். மறுநாள் ஐரிஸ் இறங்கி வந்து, அவன் இழுப்பில்லாமல் தூங்கினான் என்றாள். நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த யாதிரா, யோசிப்பதை விட்டுவிட்டாள்.

நிலவறையில் நடந்தது ஹிப் ஹாப் வகுப்பு. ஏழைப் பிள்ளைகளின் மனவுறுதியை வளர்க்க ஓர் அறக்கட்டளை நடத்தியது. வளர்ந்ததா என்று பார்க்கச் செப்டம்பரில் ஒரு கேள்வித்தாள், ஜூனில் ஒன்று. முதல் வருடம் விவரம் தெரியாத பிள்ளைகள், 'கஷ்டத்தைத் தாங்குவேன்' என்ற கேள்விக்குச் செப்டம்பரிலேயே முழு மதிப்பெண் போட்டுவிட, வளர்ச்சியே இல்லை என்று வகுப்பை மூடப் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஆட்டம் சொல்லித்தரும் குவாமேயின் முதல் பாடம் இதுதான்: "செப்டம்பர்ல அழுங்கடா. ஜூன்ல சிரிச்சுக்கலாம்."

அறக்கட்டளையிலிருந்து மிஸ் ஹோலிஸ் வந்து பார்த்தார். கோட்டைக் கழற்றினார், கண் கலங்கினார், அறிக்கை எழுதினார். அதைப் படித்த நிர்வாக அலுவலகம் பாய்லர் புகாரைத் 'தீர்ந்தது' என்று மூடியது. பக்கத்துக் கட்டடத்தார் போன் செய்தபோது, அங்கே ஆடத் தெரிந்த பெண் யாராவது இருக்கிறாளா என்று விசாரித்தது.

ஐரிஸ், மகள் முகம் தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு கரண்டி துவரைச் சோறு ஊட்டினாள். கணக்கு வாத்தியார் கரும்பலகையைத் தலைகீழாக மாட்டினார். பதினாறாவது பிறந்தநாள் மெழுகுவர்த்தி, அவள் சுழலும் காற்றில் தானே அணைந்தது. அவளுக்குக் கழுத்து வலித்தது, தோழிகளோடு நின்றுகொண்டு ஆட ஆசையாக இருந்தது, சில நாள் அழுதாள். கண்ணீர் நெற்றி வழியாகத் தலைமுடிக்குள் போனது. இதற்கெல்லாம் கேள்வித்தாளில் இடமில்லை.

மார்ச் ஆறாம் தேதி, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, மிஸ் ஹோலிஸ் ஓடி வந்தார். "நீ சுத்த இன்னும் மூணு குளிர்காலத்துக்கு அனுமதி கிடைச்சிடுச்சு கண்ணு!"

"மிஸ், பாய்லர்காரன் எப்ப வருவான்?"

"அவன் எதுக்கு? அதான் நீ இருக்கியே!"

யாதிரா காலைக் கீழே ஊன்றி நின்றாள்.

குவாமே பதறினார். "மேல உன் தம்பி இருக்கான்டி."

"தெரியும். அவனுக்காகத்தான் நிக்கிறேன்."

மேலே போய் எலியேலை மடியில் போட்டுக்கொண்டு, அவன் நெஞ்சில் காது வைத்து உட்கார்ந்தாள். குழாய் ஆறியது. குளிர் மட்டும் வரவில்லை. நூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் நாலு மாதக் குளிர் மொத்தமும் நகரின் மறுகோடிக்குப் போய், நிர்வாக அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தது. மேலாளரின் காபி கோப்பைக்குள் உறைந்தது. அவர்கள் எத்தனை அடுப்பு வைத்தும் பலனில்லை. மூன்றாம் நாள் நாலு பேர் புது பாய்லரோடு கட்டடத்துக்கு ஓடி வந்து மாட்டினார்கள். ஆனாலும் அலுவலகத்தில் உட்கார்ந்த குளிர் எழுந்திருக்கவில்லை.

அறக்கட்டளை, நிர்வாக அலுவலகத்தாருக்கும் ஒரு வகுப்பு ஆரம்பித்தது. செப்டம்பர் தாளில் அவர்கள், யாரும் சொல்லித்தராமலே அழுதார்கள். வியாழன்தோறும் குவாமேக்கு உதவியாக யாதிரா போகிறாள். உச்சந்தலையில் காசளவு வழுக்கையோடு, நிமிர்ந்து நின்றே ஆடிக் காட்டுகிறாள். அட்டைமேல் குப்புற விழுந்த மேலாளர் ஒருநாள் கேட்டார்: "ஏம்மா, இந்தக் குளிர் எப்ப போகும்?"

"பதிவாயிருக்கு சார். வரிசையில இருக்கு."

ஜூலையிலும் அங்கே புகார் கொடுக்கப் போகிறவர்கள் கோட்டு எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள்.